வில் நாணுக்குச் செர்விங் சுற்ற வீட்டிலேயே செய்த கருவி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நாணில் முதலில் தேய்வது நடுப்பகுதி. அம்பின் நாக் (நாணைக் கவ்வும் பின்முனைப் பிளவு) உட்காருவதும் விரல் இழுப்பதும் அங்கேதான். அதற்குக் காப்பாக 6, 7 அங்குல நீளத்துக்கு வேறொரு நூலை நெருக்கமாகச் சுற்றுகிறோம். நாண் நன்றாக இருக்கும்போதே இந்தச் செர்விங் கிழிந்துவிடும். நான் சாமான் வாங்கும் கடை வெளியூரில். ஒவ்வொரு முறையும் கூரியருக்குக் காத்திருப்பதைவிட நாமே சுற்றிக்கொள்ளலாம் என்றுதான் கருவி செய்யத் தொடங்கினேன்.

காரைக்குடியில் இடித்த வீட்டு மரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய பர்மா தேக்குச் சட்டத்தில் கையடக்கமான ஒரு துண்டு. நடுவில் வெட்டிய இடைவெளியில் நூல்கண்டு உட்காரும். கண்டின் ஊடே ஒரு போல்ட், ஒரு பக்கம் வாஷர், ஸ்ப்ரிங், விங் நட். கருவியின் தலையில் அரைவட்டப் பள்ளம், அதுதான் நாணின் மேல் சவாரி செய்யும். பள்ளத்துக்குப் பக்கத்துத் துளை வழியாக நூல் வெளியே வரும். இவ்வளவுதான். ஐப்பசி மழையிலும் தேக்கு உப்பவில்லை. துருப்பிடித்தது இரும்பு ஸ்ப்ரிங்தான், அதை மாற்றி எவர்சில்வர் போட்டேன்.

உண்மையான வேலை அந்த விங் நட்டில் இருக்கிறது. நூல் எவ்வளவு இறுக்கத்தில் வெளியே வருகிறதோ அதுதான் செர்விங்கின் தரம். தளர்ந்தால் அம்பின் நாக் உட்காரும் இடத்தில் சுற்று நழுவி இடைவெளி விழும். அளவுக்கு மீறி இறுகினால் அந்த இடம் கம்பி மாதிரி விறைத்துவிடும். இதில் இன்னொரு சங்கதி: கண்டில் நூல் குறையக் குறைய இறுக்கம் தானாகவே கூடும். உராய்வு அப்படியே இருக்க, நூல் பிரியும் ஆரம் சிறுத்துவிடுகிறதே. அதனால் கண்டு மெலியும்போது நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கடைக் கருவிக்கும் இதே கதைதான்.

நூல் வகைக்குத் தகுந்தபடி கருவியும் நடந்துகொள்ளும். பின்னல் நைலான் எளிது, நாணைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பெக்ட்ரா (உறுதியான பாலிஎதிலீன் இழை) வகைப் பின்னல் வழுக்கும். நட்டை நன்றாக முறுக்கினால்தான் நிற்கும், ஆனால் தேய்மானம் குறைவு. ஒற்றை இழை நைலானை நான் விட்டுவிட்டேன். விரலுக்கு வழவழப்பாக இருக்கும், சரி, ஆனால் ஓரிடத்தில் அறுந்தால் மளமளவென்று பிரிந்து போய்விடுகிறது.

அந்த ஸ்பெக்ட்ரா நூல்தான் மரத்துளையை மெல்ல அரத்தால் அராவியதுபோல் அறுத்தது. பக்கத்துத் தெரு ஆசாரி பார்த்துவிட்டு, "நூல் உரசுற இடத்துல மரத்த வெக்காதிய தம்பி, பித்தளை போடுங்க" என்றார். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் பொறுக்கிய ஒரு சின்னப் பித்தளைக் குழாயைத் துளைக்குள் அடித்து இறக்கினார். அதன்பிறகு அந்த இடத்தில் தேய்மானமே இல்லை.

சுற்றும்போது நாண் விறைப்பாக இருக்க வேண்டும். நாணின் முறுக்கு எந்தத் திசையோ, செர்விங்கும் அந்தத் திசையில். முடிக்கிற இடத்தில் ஒரு வளையம் விட்டு, உள்பக்கமாக எதிர்த்திசையில் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, நுனியைச் செர்விங்கோடு படுக்கவைத்து, வளையத்தை நாணின் மேல் திருப்பிச் சுற்றிக்கொண்டே வந்து நுனியை இழுத்தால் முடிச்சே தேவைப்படாது. இந்தக் கடைசி வேலைக்குக் கருவி உதவாது, கைதான். அப்புறம் அம்பை அதன் நாக் வழியாக நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். தானாக விழக்கூடாது, நாணைத் தட்டினால் விழ வேண்டும். விழ மறுத்தால் 0.021 அங்குல நூலுக்குப் பதில் 0.018. லொடலொடத்தால் இன்னும் தடித்த நூல்.

கிளப்பில் எல்லோருடைய நாணையும் நீங்கள்தான் சுற்றுகிறீர்கள் என்றால் உலோகக் கருவியே வாங்குங்கள், வேகம் அதில்தான். சொந்த வில்லுக்கு மட்டும் என்றால் இது தாராளம். எனக்குள்ள ஒரே குறை, நாணின் இரு நுனிக் காதுகளுக்கு அருகே இதன் அகலம் இடிக்கிறது. அங்கே இன்னமும் கையால்தான் சுற்றுகிறேன். ஒல்லியாக ஒன்று செய்துதரக் கேட்டதற்கு, உடம்பு முழுக்கப் பித்தளையிலேயே போட்டுவிடலாம் என்கிறார் ஆசாரி. எடை கூடினால் சுற்றும்போது கை வலிக்குமே என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.