வாரப் பட்டியலா, மொத்தச் சமையலா, பாதித் தயாரிப்பா?

குடும்பச் சமையலை முன்கூட்டியே திட்டமிட்டால் நேரமும் பணமும் மிச்சமாகும் என்பார்கள். அது உண்மைதான் என்றாலும், திட்டமிடுதல் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. வாரம் முழுவதற்கும் என்ன சமைப்பது என்று எழுதிவைத்துக்கொண்டு அன்றன்றைக்குச் சமைப்பது ஒரு முறை. விடுமுறை நாளில் பல வேளைக்கு வேண்டியதைச் சேர்த்துச் சமைத்து, ஃப்ரிட்ஜிலும் ஃப்ரீசரிலும் வைத்து எடுத்துக்கொள்வது இன்னொரு முறை. காயை நறுக்கி, பயறை வேகவைத்து, சமையலின் கடைசிப் பகுதியை மட்டும் அன்றைக்கென்று விட்டுவைப்பது மூன்றாவது. மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: பணத்தை மிச்சம் பிடிக்கும் முறையும் நேரத்தை மிச்சம் பிடிக்கும் முறையும் வேறு வேறு.

பணத்தைப் பொறுத்தவரை பட்டியலை வேறு எதுவும் நெருங்க முடியாது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது; அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில் வீணானது. நம் வீட்டுப் பங்கு எது என்று தெரிய ஃப்ரிட்ஜின் அடித்தட்டை இழுத்துப் பார்த்தால் போதும்: வெட்டிய விளிம்பு கறுத்துப்போன அரை முட்டைக்கோஸ், பைக்குள்ளேயே கொழகொழத்துவிட்ட கீரைக்கட்டு. இரண்டும் எந்த வேளைக்கு என்று முடிவு செய்யாமல் வாங்கியவை. ஆகவே, பட்டியலைச் சமையல் குறிப்புகளிலிருந்து தொடங்காமல், வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சீக்கிரம் வாடும் கீரையும் காளானும் வாரத்தின் முதல் இரண்டு நாட்களுக்கும், கேரட்டும் கோஸும் நடுவிலும், வெங்காயமும் உலர்ந்த பயறு வகைகளும் கடைசிக்கும் என்று அடுக்கினால், கெட்டுப்போக வாய்ப்பில்லாத பொருட்களே வாரக் கடைசிக்கு மிஞ்சும். திங்கட்கிழமை பாதிக் கோஸைச் சமைத்தால், மீதிப் பாதிக்குப் புதன்கிழமை ஓர் இடம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பட்டியலின் குறை, அது அடுப்படியில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதில்லை என்பது. இன்றைக்கு என்ன செய்வது என்ற மாலை நேரத் தவிப்பு மட்டுமே போகிறது. ஏழு நாளையும் நிரப்பி எழுதுவது இன்னொரு தவறு. ஐந்து நாள் எழுதி, ஒன்றை மிச்சமிருப்பதைத் தீர்ப்பதற்கும் மற்றொன்றை எதிர்பாராததற்கும் விட்டுவிட்டால்தான் பட்டியல் இரண்டாவது வாரத்தைத் தாண்டும்.

நேரத்தைச் சேமிப்பது மொத்தச் சமையல். நான்கு பேருக்குச் சமைப்பதை எட்டுப் பேர் அளவாக்கினால் வேலை இரட்டிப்பாவதில்லை. அரிவதும் கிளறுவதும் சற்றுக் கூடும், பாத்திரம் கழுவுவது அப்படியேதான் இருக்கும். ஆனால் இதில் கறாராக இருக்க வேண்டிய இடங்கள் உண்டு. சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்தால் விரைவில் ஆறும். ஃப்ரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழும், ஃப்ரீசர் கழித்தல் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்த உணவுக்கு 3 முதல் 4 நாள்தான் கணக்கு என்பதால், ஞாயிறன்று சமைத்ததில் வியாழனுக்குப் பிறகு வேண்டியது முதல் நாளே ஃப்ரீசருக்குப் போய்விட வேண்டும். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும்: பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் பிழைத்துக்கொள்ளும், சோறு வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

எல்லாம் உறையவைக்கத் தகுந்தவையும் அல்ல. வெந்த பயறு, சூப், இறைச்சிக் குழம்பு ஆகியவை நன்றாகத் தாங்கும். உருளைக்கிழங்கு மணல்போல் ஆகிவிடும், அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும், வெள்ளரி தொய்ந்துவிடும். பெயரும் தேதியும் எழுதாத டப்பா, குப்பைக்குப் போக வேண்டியதைச் சில மாதம் தள்ளிப்போடுவதாகவே முடியும். சூப் என்று நினைத்து ஒருநாள் நான் உருகவைத்தது முழுக்க முழுக்கத் தக்காளி விழுது. அன்று இரவு அதற்கேற்ற உணவை அவசரமாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

பாதித் தயாரிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நறுக்கிய காய் முழுக் காயைவிடச் சீக்கிரம் கெடும் என்பதால் இரண்டு நாளுக்கு மேல் நறுக்கிவைப்பதில் பயனில்லை. ஆனால் ஒரே உணவை மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட மறுக்கும் வீட்டில் இது கைகொடுக்கும்.

என் தேர்வு கலப்புதான்: ஐந்து இரவுக்குப் பட்டியல், அதில் உறையத் தகுந்த இரண்டை மட்டும் இரட்டை அளவில் சமைப்பது. ஃப்ரீசர் சிறியதாக இருந்தாலோ, விடுமுறை நாள் ஒன்றே ஓய்வு நாளாக இருந்தாலோ, மொத்தச் சமையலை விட்டுவிட்டுப் பட்டியலோடு நிற்பதே நல்லது. இரண்டு பேர் சமைக்கும் வீடுகளுக்குப் பாதித் தயாரிப்பையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். முதலில் வீடு திரும்புபவர் அடுப்பைப் பற்றவைத்துவிடலாம். பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தால், என்ன சமைப்பது என்று மற்றவரை அழைத்துக் கேட்க வேண்டியதும் இல்லை.