எலியும் 7 டெஸ்லா எம்.ஆர்.ஐ.யும்: ஐந்து வருடப் பயன்பாட்டு அனுபவம்

கோவையில் எங்கள் ஆய்வகத்துக்கு 7 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தத்தின் வலுவைச் சொல்லும் அலகு) சிறுவிலங்கு எம்.ஆர்.ஐ. வந்து இந்த ஆவணியோடு ஐந்து வருடம். பெட்டி பிரித்த நாளில் இருந்து அதில்தான் என் வேலை. பெரும்பாலும் பக்கவாதம் உண்டாக்கிய வெள்ளை எலிகள், நடுநடுவே மூளைக்கட்டி வளர்த்த சுண்டெலிகள். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை டெஸ்லா என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். இப்போது யாராவது கேட்டால், உங்களிடம் மயக்கம் கொடுப்பது யார், எலியின் மூச்சை யார் பார்க்கிறார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன், ஏனென்றால் நாங்கள் தூக்கிப் போட்ட படங்களில் முக்கால்வாசியைக் கெடுத்தது மூச்சுதான்.

முதலில் இதனால் என்ன லாபம் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் வருமுன், மூளையில் எவ்வளவு இடம் செத்திருக்கிறது என்று பார்க்க எலியைக் கொன்று, மூளையை எடுத்து, 2 மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்கி டி.டி.சி. சாயத்தில் ஊறவைப்போம். உயிருள்ள பகுதி சிவக்கும், செத்த பகுதி வெள்ளையாகவே நிற்கும். பிந்திய நாட்களுக்கு வேறு சாயம். தெளிவான முறைதான், இன்றும் செய்கிறோம். ஆனால் அந்த எலியின் கணக்கு அன்றோடு முடிந்தது. 1, 3, 7, 14, 28 என்று ஐந்து நாட்களில் பார்க்க வேண்டும், நாளுக்கு 8 எலி என்றால் 40 எலி போய்விடும். ஸ்கேனர் இருந்தால் அதே 8 எலியை ஐந்து தடவை படுக்க வைக்கலாம், நடுவில் சாவதற்கென்று இரண்டு மூன்று கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். அதோடு, ஒவ்வொரு எலியையும் அதன் நேற்றைய படத்தோடேயே ஒப்பிட முடிகிறது. ஒரே ஆபரேஷன், ஒரே கை, ஆனாலும் ஒரு எலிக்கு மூளையில் கால் பாகம் போகும், இன்னொன்றுக்குக் கடுகளவு. இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதில் எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. கோபிப் பக்கம் ஊரில் எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) ஒரு விடிகாலையில் வலது கை விழுந்து பேச்சு குழற, ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சி.டி.யில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்று ஒரு படம் எடுத்தார்கள், அதில் மூளையின் இடது பக்கம் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. பல வருடம் கழித்துத்தான், அந்தப் படத்துக்கு வழி திறந்தது பூனைகள் என்று படித்தேன். 1990-இல் அமெரிக்காவில் மோஸ்லி குழுவினர் பூனைகளின் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்து, டி2 எனப்படும் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் எதுவுமே தெரியாத முதல் ஒரு மணி நேரத்துக்குள் டிஃப்யூஷன் படத்தில் பாதிப்பு தெரிவதைக் காட்டினார்கள். ரத்தம் நின்றதும் செல்லின் பம்புகள் ஓய்ந்து தண்ணீர் உள்ளே புகுகிறது, செல் வீங்குகிறது, தண்ணீர் மூலக்கூறுகள் நடமாட இடம் குறைகிறது. அந்த நடமாட்டக் குறைவைத்தான் ஸ்கேனர் அளக்கிறது. ஒவ்வொரு எலியைப் படுக்க வைக்கும்போதும் எனக்கு அப்புச்சி ஞாபகம் வரும், அந்தப் பூனைகளும் ஞாபகம் வரும்.

சரி, ஒரு ஸ்கேன் எப்படிப் போகும்? எலியைச் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு 4 சதவீதம் ஐசோஃப்ளுரேன், மூச்சில் இழுக்கும் மயக்க மருந்து. உடம்பு தளர்ந்ததும் தொட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, முன்பற்களைப் பல்கம்பியில் மாட்டி, மூக்குக் குழலைச் சேர்த்து, மருந்தை ஒன்றரைக்கு இறக்குவோம். கண்ணுக்கு மருந்துக் களிம்பு கட்டாயம், மயக்கத்தில் இமை மூடாது, கண் காய்ந்துவிடும். வயிற்றுக்குக் கீழே காற்றடைத்த சின்னத் தலையணை, அதன் ஏற்ற இறக்கம்தான் திரையில் மூச்சு வரியாக ஓடும். சுற்றிலும் சுடுதண்ணீர் ஓடும் குழாய், மலக்குடலில் வெப்பமானி, 37 டிகிரியில் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 50, 60 மூச்சு என்று சீராக வந்தால் படம் கண்ணாடி மாதிரி வரும். 80-க்கு ஏறினால் எலி விழிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். 35-க்கு இறங்கினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மருந்தைக் குறைக்க வேண்டும்.

எங்களிடம் விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அன்னூர்க்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார், வீட்டில் ஆடு மாடு வைத்திருப்பவர். முதல் வருடம் நான் திரையில் படத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் பின்னால் நின்று, "அம்மணி, மூச்சு எறங்குது பாருங்க" என்பார். அலாரம் அடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். எப்படிக் கண்டுபிடிக்கிறீங்கண்ணா என்று கேட்டதற்கு, "ரெண்டு மூச்சுக்கு நடுவுல எடவெளி நீளுதுங்க, அது போதுமுங்க" என்றார். அன்றிலிருந்து ஸ்கேன் முழுக்க மூச்சு வரிக்கென்றே ஓர் ஆளை உட்கார வைக்கிறோம். தூக்கிப் போடும் படங்கள் அதன் பிறகுதான் குறைந்தன.

இன்னொரு பாடம் காதில் கிடைத்தது. வெளியில் ஒரு கூடத்தில் இருந்து வந்த சுண்டெலிகளுக்கு அடையாளமாகக் காதில் உலோக வில்லை குத்தியிருந்தார்கள். கவனிக்காமல் முதல் ஒன்றை உள்ளே அனுப்பியதும் படத்தில் பாதி மூளையைக் காணோம், கறுப்புக் குழி ஒன்றுதான் இருந்தது. நல்லவேளை, காது கிழியவில்லை. எல்லாவற்றுக்கும் வில்லையைக் கழற்றி, வாலில் பச்சை குத்தி எண் போட்டோம், ஒரு வாரம் போய்விட்டது. இனி வாங்கும்போதே காதில் துளையோ வாலில் பச்சையோ போதும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பராமரிப்பு பற்றிச் சொல்வதென்றால் எங்கள் ஊர் சித்திரை வைகாசியைத்தான் சொல்ல வேண்டும். காந்தச் சுருள் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் கிடக்கிறது. ஆவியாவதைத் திரும்பக் குளிரவைக்க ஒரு கம்ப்ரசர், அந்தக் கம்ப்ரசரைக் குளிரவைக்க ஒரு சில்லர். இரண்டாவது வருடக் கோடையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி சில்லர் நின்றது யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை வந்தால், எப்போதும் கேட்கும் அந்த டிக் டிக் சத்தம் இல்லை. ஹீலியம் குறைந்திருந்தது, காந்தம் தப்பித்தது, ஆனால் இறக்குமதிச் சரக்கான ஹீலியத்தை நிரப்பிய பில் ஒரு ஆய்வு மாணவரின் வருடச் சம்பளத்தைவிட அதிகம். இப்போது சில்லர் நின்றால் மூன்று பேர் போனுக்கு மெசேஜ் வருகிற மாதிரி செய்திருக்கிறோம். வாங்கும் நாளிலேயே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

டெஸ்லா விஷயத்துக்கு வருகிறேன். மனித மூளை 1,300, 1,400 கிராம், எலிக்கு சுமார் 2 கிராம், சுண்டெலிக்கு அரை கிராம்கூட வராது. அதனால் படப்புள்ளியும் சின்னதாக வேண்டும், ஆனால் புள்ளியின் பக்கத்தைப் பாதியாக்கினால் சிக்னல் எட்டில் ஒரு பங்கு ஆகிவிடும், அதைத் திரும்பப் பெற 64 மடங்கு நேரம் எடுக்க வேண்டும். அதனால்தான் வலுவான காந்தமும், தலையை ஒட்டி வைத்து சிக்னலைப் பிடிக்கும் சின்னக் காயிலும் (கம்பிச் சுருள்). முன்பு மனிதர்களுக்கான 3 டெஸ்லாவில் மணிக்கட்டுக் காயிலை வைத்து எலிக்கு எடுத்துப் பார்த்திருக்கிறேன், பெரிய பாதிப்பின் அளவு தெரியப் போதும். சுண்டெலிக்குப் போதாது. 7 டெஸ்லாவிலும் காதுக்குழிப் பக்கம் காற்று இருப்பதால் டிஃப்யூஷன் படம் இழுபட்டுத்தான் வருகிறது.

படம் நம்மை ஏமாற்றும் இடங்களும் உண்டு. முதல் நாள் டி2 படத்தில் தெரியும் அளவில் வீக்கமும் சேர்ந்திருக்கும், எதிர்ப் பக்க மூளையோடு ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால் பாதிப்பை அதிகமாகச் சொல்லிவிடுவோம். டிஃப்யூஷன் அளவு எலியில் ஓரிரு நாளில் சாதாரணம் போலத் திரும்பும், திசு பிழைத்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. எனக்கு அதிகம் உறுத்துவது ஐசோஃப்ளுரேன்தான். அது ரத்தக் குழாயை விரிக்கும், மூளையைக் கொஞ்சம் காப்பாற்றவும் செய்யும். நாங்கள் சோதிக்கும் மருந்தைக் கொடுத்த எலி 40 நிமிடமும் கொடுக்காத எலி 70 நிமிடமும் மயக்கத்தில் கிடந்தால், வித்தியாசம் மருந்தாலா மயக்கத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாம் வருடம் ஒரு தொகுதி முழுவதையும் இதற்காக நானே ஒதுக்கி வைத்தேன், மனசு கேட்கவில்லை, ஆனாலும் வைத்தேன். இப்போது எல்லா எலிக்கும் மயக்க நேரம் ஒன்றே, கடிகாரம் பார்த்து.

ஸ்கேன் முடிந்ததும் எலியை அண்ணன் கையில் வாங்கி, ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்கும் கூண்டில் விடுவார், சூடு அதிகம் பட்டால் தானே நகர்ந்து போகட்டும் என்று. ஊறவைத்த தீனி ஒரு உருண்டை பக்கத்தில் இருக்கும். மல்லாக்கக் கிடப்பது தானாகப் புரண்டு நாலு காலில் நிற்கும் நேரத்தை நோட்டில் குறித்த பிறகுதான் அடுத்த எலியை எடுப்போம்.