லிவர் பேக்கேஜ்: ஸ்கேனுக்குப் போகலாம், பவுடரை வாங்காதீர்கள்

கே.கே.நகர் பக்கம் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரில் மச்சானுக்கு (அக்கா வீட்டுக்காரர்) லிவர் பேக்கேஜ் எடுத்தோம், ரத்தப் பரிசோதனையும் ஃபைப்ரோஸ்கேனும் (ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) சேர்த்து. பெயரைப் போட்டு வம்பை விலைக்கு வாங்க விருப்பமில்லை.

ஸ்கேன் எடுத்த பெண்ணுக்கு ஒரு கும்பிடு. மூன்று மணி நேரமாவது சாப்பிடாமல் வரணும் என்று போனில் யாரும் சொல்லவில்லை, மச்சான் வரும் வழியிலேயே இட்லியை உள்ளே தள்ளிவிட்டார். சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், இறுக்கம் அதிகமாகக் காட்டும் என்று சொல்லி வெளியே உட்கார வைத்துவிட்டார். ஏனோதானோ என்று எடுத்து அனுப்பியிருந்தால் எங்களுக்குத் தெரியவா போகிறது? அப்புறம் வலது விலா இடுக்கில் ஜெல் தடவி, கருவியை வைத்து டொக் டொக்கென்று சில தட்டு. வலியே இல்லை.

"தினம் எவ்வளவுண்ணே?" என்று கேட்டதும் அவர் ஒருவர்தான்.

"ஒரு குவார்ட்டர்தாம்மா."

அந்த 'தான்' இருக்கிறதே! 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால், அதில் பெரும்பகுதியை அரைப்பது ஈரல்.

இறுக்கம் 9.4 கிலோபாஸ்கல், ரத்தத்தில் பார்க்கும் ஈரல் என்சைம்கள் இரண்டில் எஸ்ஜிஓடி 142, எஸ்ஜிபிடி 58. விளக்க டாக்டர் யாரும் இல்லை. கவுன்ட்டரில் இருந்தவர் "ஈரல்ல தழும்பு விழுந்துருச்சு" என்று அக்காவை அழவைத்துவிட்டு, 1,800 ரூபாய்க்கு ஒரு 'டிடாக்ஸ்' பவுடரை நீட்டினார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எங்கள் தெரு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சொன்னார்: எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது குடிக்கிறவர்களிடம் வழக்கமாகப் பார்ப்பது, ஈரல் வீங்கியிருக்கும்போது இறுக்கமும் கூடத்தான் காட்டும், குடியை விட்டுச் சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். கொழுப்பு படிந்த நிலை குடியை விட்டால் சரியாகும், சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பாகி இறுகிப்போவது) ஆனபிறகு பழைய ஈரல் திரும்பக் கிடைப்பது கஷ்டம். பவுடர் எதற்கும் உதவாது, சில மூலிகைச் சரக்கு ஈரலையே கெடுக்கும்.

"நாளைலருந்து தொடாதீங்க" என்று கவுன்ட்டரில் சொன்னதுதான் இன்னும் மோசம். தினமும் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே வினையாகலாம். பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டி, மாத்திரையோடுதான் நிறுத்தினார் மச்சான். விசாரிக்க 14446 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

பேக்கேஜில் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களுக்கான பரிசோதனை இல்லை. போதை ஊசிப் பழக்கம் இருந்த பையன்களைக் கூட்டிப் போகிறவர்கள் தனியாகக் கேட்டு எடுங்கள். ஊசியைப் பகிர்ந்தால் தொற்றும் சி வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கும், ஆனால் இப்போது மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிறது.

கார் நிறுத்த இடம் கிடையாது, பைக்கில் போங்கள். வெறும் வயிற்றோடு.