பாட்டுக்கான காசை இன்டர்நெட் பில்லில் சேர்க்கலாமா?

வெள்ளவத்தையில், காலி வீதியோரம், முன்பு ஒரு கொமியுனிகேஷன் கடை இருந்தது. கொப்பித் தாளில் பாட்டுகளின் பெயரை எழுதி, நாலு ஜீபீ மெமரி காட்டோடு கொடுத்துவிட்டுப் போனால் பின்னேரம் வந்து எடுத்துக்கொள்ளலாம். "தம்பி, இன்னும் இடம் இருக்கு, புதுப் படப் பாட்டும் போட்டுவிடவா?" என்று கடைக்காரர் கேட்பார். போடுங்கள் அண்ணா என்பேன். அவர் எடுத்துக்கொண்டது அவருடைய நேரத்துக்கும் கரண்டுக்கும் உரிய காசு. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் அதில் ஒரு சதமும் போனதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. எங்கள் இருவருக்கும் அந்த நினைப்பே வரவில்லை.

அந்தக் கடனை எப்படி அடைப்பது என்ற கேள்விக்கு உலகத்தில் பல பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அதிகம் சண்டை பிடிக்க வைத்தது கட்டாய இணையக் கட்டணம். இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் மாதம் ஒரு தொகை எடுத்துவிட்டு, எந்தப் பாட்டையும் எவ்வளவும் இறக்கிக்கொள்ள விடுவது என்பதுதான் அது. இணையத்தில் ஆட்கள் பாட்டுகளைக் காசில்லாமல் பரிமாறிக்கொள்ள விட்ட நெப்ஸ்டர் 1999இல் வந்து 2001இல் மூடப்பட்ட பிறகு இந்த யோசனை பலமாகப் பேசப்பட்டது. ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர் வில்லியம் ஃபிஷர், வரி மூலம் காசு திரட்டிக் கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் ஒன்றை 2004இல் விரிவாக எழுதினார். 2007இல் கனடாவின் பாடலாசிரியர் சங்கம் ஒவ்வொரு இணைப்புக்கும் மாதம் 5 கனேடிய டொலர் என்றது. 2008இல் வார்னர் மியூசிக் என்ற பெரிய இசை நிறுவனம், ஜிம் கிரிஃபின் என்பவரை அமர்த்தி, மாதம் 5 அமெரிக்க டொலர் என்ற கணக்கில் இதேபோன்ற ஒன்றை அமெரிக்காவில் தொடங்கப் பார்த்தது. அது தொடங்காமலே போனது.

டொலருக்கு 300 ரூபா என்று போட்டால் 5 டொலர் 1,500 ரூபா. கொழும்பில் ஒரு வீட்டில் ஒரு ரவுட்டரும் நாலு போனும் இருக்கும். இணைப்புக்கு ஒன்று என்றால் 7,500 ரூபா. வீட்டுக்கு ஒன்று என்றால், எது வீடு? கொட்டாஞ்சேனையில் ஒரே மாடியில் மூன்று குடும்பங்கள் ஒரு வைஃபையைப் பங்கிட்டு வாழ்கின்றன. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கே பெரும்பாலானோர் மாத பில் கட்டுகிறவர்கள் இல்லை, ரீலோட் போடுகிறவர்கள். நூறு ரூபா டேட்டா போடும் ஒருவரிடம் மாதக் கட்டணத்தை எந்தக் கணக்கில் கழிப்பது? 2024 ஜனவரியில் வற் 18 சதவீதமானதில் இருந்து எந்தச் சீட்டைப் பார்த்தாலும் முதலில் வரிகள் இருக்கும் இடத்துக்குத்தான் கண் போகிறது. அங்கே இன்னொரு வரியைச் சேர்த்தால், பாட்டே கேட்காத ஓய்வூதியக்கார ஐயாவும் கட்ட வேண்டும். இன்று பாட்டு என்றால் நாளைக்குப் படமும் பத்திரிகையும் வந்து தங்கள் பங்கைக் கேட்கும். அவர்களுக்கும் அதே நியாயம் இருக்கிறது.

ஆனாலும் கட்டாயக் கட்டணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு எதிராக நின்ற இரண்டாவது வழி, தண்டனை. பிரான்சில் கட்டணத்தையும் தண்டனையையும் பார்த்தார்கள். 2005 டிசம்பரில், அநேகமாகக் காலியாக இருந்த தேசிய சபையில், விரும்பியவர் மாதக் கட்டணம் கட்டி இறக்கிக்கொள்ளலாம் என்ற திருத்தம் நூலிழையில் நிறைவேறியது. 2006 மார்ச்சில் அதைத் தூக்கிவிட்டார்கள். பிறகு 2009இல் ஹடோபி சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் இறக்குகிறவருக்கு எச்சரிக்கை, மறுபடி எச்சரிக்கை, அப்புறம் இணைப்புத் துண்டிப்பு. நீதிபதி இல்லாமல் இணைப்பைத் துண்டிக்க முடியாது என்று அரசியலமைப்புச் சபை அந்த ஆண்டே சொன்னது. 2013இல் துண்டிக்கும் தண்டனையே போய்விட்டது. ஒரு பிள்ளை பாட்டு இறக்கியதற்காக முழு வீட்டின் இணைப்பையும் அறுப்பதை விட, எல்லோரும் கொஞ்சம் காசு போட்டு எல்லோரும் கேட்பது எவ்வளவோ மேல். கட்டாயக் கட்டணத்துக்காகப் பேசியவர்கள் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. அதை நான் மதிக்கிறேன்.

மூன்றாவது, பாட்டைப் பதிவு செய்ய உதவும் பொருளின் மேல் போடும் தீர்வை. ஜெர்மனி 1965ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒலிப்பதிவுக் கருவிகளின் விலையோடு இதைச் சேர்த்தது. கனடாவில் ஒரு வெற்று சீடிக்கு 29 கனேடிய சதம் வரை எடுத்தார்கள். எம்பி3 கருவிகளுக்கும் நீட்டப் பார்த்தபோது நீதிமன்றம் 2004இலும் 2008இலும் மறுத்துவிட்டது. சீடியே மறைந்தது, தீர்வை அதோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இங்கே வரிகளால் போன் விலை ஏற்கெனவே கையைக் கடிக்கிறது. இந்த வழியைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

நாலாவது, இப்போது நாம் இருக்கும் நிலை: சந்தா. பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. விருப்பமானவர் கட்டுகிறார், கட்டாதவர் விளம்பரத்தோடு கேட்கிறார், யார் மேலும் கட்டாயம் இல்லை. கேட்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. வாதம் முடிந்துவிட்டது என்று பலர் நினைப்பது இதனால்தான்.

முடியவில்லை என்பது எனக்கு ஒரு நண்பரின் வீட்டில்தான் விளங்கியது. கொட்டாஞ்சேனையில் கீபோர்ட் வாசிப்பவர். சொந்தமாகத் தமிழ்ப் பாட்டுகள் செய்கிறார். கதவிடுக்கில் பழைய மெத்தையை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்துக்கொண்டு குரல் பதிவு செய்வார். ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடித்தால் மறுபடி முதலில் இருந்து. பாட்டைத் தளங்களில் ஏற்றிக் கொடுக்கும் சேவை அனுப்பிய கணக்கைப் போனில் காட்டினார். ஒரு பாட்டுக்கு எதிரே பூச்சியம். கேட்டவர்கள் இருந்தார்கள், காசு இல்லை. 2024இல் இருந்து ஸ்பொட்டிஃபையில் 12 மாதங்களில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு, ஒலிப்பதிவுக்காகக் கொடுக்கும் உரிமைப் பங்கு கிடையாது. "ஆயிரத்துக்குக் கீழே என்றால் நான் பாடவே இல்லையாடா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கட்டாயமோ, விருப்பமோ, சந்தாவோ, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: சேர்ந்த காசை யார் எண்ணிப் பிரிப்பது? பெரும்பாலான தளங்களில் எல்லோருடைய காசும் ஒரே பானைக்குள் போகிறது. மொத்தத்தில் எந்தப் பாட்டு எவ்வளவு ஓடியது என்று பார்த்து அள்ளிக் கொடுக்கிறார்கள். என் மாமி கட்டுகிற சந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விடிய எழும்பித் தேவாரம் மட்டும்தான் போடுவார். ஆனால் அவருடைய காசின் பெரும்பகுதி, அவர் ஒருபோதும் கேட்டிராத பாட்டுகளுக்குப் போகிறது. மாறாக, ஒவ்வொருவரின் காசையும் அவரவர் கேட்ட பாட்டுகளுக்கே பிரிக்கலாம். சவுண்ட்கிளவுட் என்ற பாட்டுத் தளம் 2021இல் சுயாதீனக் கலைஞர்களுக்கு இப்படிச் செய்யத் தொடங்கியது. அந்த முறையில் நண்பரின் பாட்டை விடாமல் கேட்கும் இருபது பேரின் காசு அவர் கைக்கு வரும்.

கட்டாயக் கட்டணத்தை இலங்கையில் ஒற்றைப் பானையாகக் கொண்டு வந்தால் என்ன நடக்கும்? தமிழர்களாகிய நாம் அதிகம் கேட்பது சென்னையில் இருந்து வரும் படப் பாட்டு. காசும் அங்கே போகும். அது நியாயம்தான், பாட்டு அவர்களுடையது. 2012இல் இந்தியா தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதில் இருந்து, இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் பங்கை எழுதிக் கொடுத்து இழக்க முடியாது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. என் கவலை மிச்சத்தைப் பற்றியது. இலங்கை வானொலி மெல்லிசையும் பொப்பிசையும் வளர்த்த ஊர் இது. இங்கே அறைக்குள் வியர்த்துப் பாடுகிறவர்களும் கட்டாயக் கட்டணத்தைக் கட்டுவார்கள், ஆனால் எடுக்கமாட்டார்கள். யார் எதைக் கேட்டார் என்று எண்ண, ஒவ்வொரு போனையும் கண்காணிக்கவும் வேண்டியிருக்கும். அதிகாரிகள் நம் தொலைபேசிக்குள் பார்ப்பது தமிழருக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஐந்தாவது வழி ஒன்று எனக்குப் பிடித்தது. டென்மார்க்கில் டீடீசி என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 2008இலேயே தன் வாடிக்கையாளருக்கு இணைப்போடு பாட்டையும் சேர்த்துக் கொடுத்தது. அரசு வரி போடவில்லை, நிறுவனம் உரிமை வாங்கியது. வேண்டாதவர் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். இங்கே அதை ரீலோட்டுக்கு ஏற்றபடி செய்யலாம். டேட்டா போடும்போதே பாட்டும் வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்பவரிடம் மட்டும் ஐம்பதோ நூறோ எடுத்து, அவர் கேட்ட பாட்டுகளுக்கே பிரிக்கட்டும். எண்ணுவது அந்தச் செயலிக்குள்ளேயே நடக்கட்டும், போன் முழுவதையும் துழாவத் தேவையில்லை. மாதக் கடைசியில் ஒரு எஸ்.எம்.எஸ். வரட்டும்: உங்கள் காசு இந்தந்தப் பாடகருக்கு இவ்வளவு போனது என்று.

அந்த எஸ்.எம்.எஸ். வருமென்றால் முதல் ஆளாக நான் சேர்வேன், மாமியையும் சேர்ப்பேன். அதற்கு முன்னால் யாராவது கட்டாயக் கட்டணத்துக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தால் போடமாட்டேன்.