தக்காளிப் பாத்தியில் செண்டுமல்லியும் கொட்டமுத்தும் (ஆமணக்கு): பல பட்டம் (சாகுபடிப் பருவம்) பயன்படுத்திப் பார்த்ததில்

செண்டுமல்லி வாசத்துக்குப் பூச்சி அண்டாது என்று மூலைக்கு ஒன்றாக நாலு செடி நட்டால் ஒரு பலனும் இருக்காது. தக்காளிக் காயைத் துளைக்கும் காய்ப்புழுவைப் பொறுத்தவரை அது விரட்டும் செடியல்ல, இழுக்கும் செடி. தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியை விடச் செண்டுமல்லி மொட்டில் முட்டை வைப்பதுதான் பிடிக்கும். ஆகவே தக்காளி பூவெடுக்கும்போது செண்டுமல்லி மொட்டு விட்டிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால் மொட்டு பிந்திவிடும். பலருக்கும் கைகொடுக்காமல் போவது இங்கேதான்.

செண்டுமல்லியை 15 முதல் 20 நாள் முன்பே நாற்று விட்டு, 40–45 நாள் நாற்றாக, 25 நாள் தக்காளி நாற்றோடு சேர்த்து நடுங்கள். தோட்டத்தில் 16 வரிசைக்கு ஒரு வரிசை. உயர ரகமே வேண்டும்; குட்டை ரகம் தக்காளிக்குள் மறைந்துபோகும்.

நட்டதோடு வேலை முடியவில்லை. வாரம் இரண்டு தடவை மொட்டுகளைப் பாருங்கள். ஊசி குத்தியது போல் ஓட்டையும் பக்கத்தில் ஈர எச்சமும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விட்டுவிட்டால் அது மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறைக்கு நாமே தீனி போட்டு வளர்த்த கதையாகும். சித்திரை வெயிலில் இலையடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செம்பேன், சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. அந்தச் செடியை யோசிக்காமல் பிடுங்கிவிடலாம்.

மண்ணுக்குள் இருந்து வேரைத் தாக்கும் வேர் நூற்புழுவுக்குச் செண்டுமல்லியை ஓரத்தில் நட்டால் போதாது. ஒரு பட்டம் பாத்தி முழுக்க நெருக்கமாகச் செண்டுமல்லி போட்டு, அடுத்த பட்டம் தக்காளி வைக்க வேண்டும்.

இலையைத் தின்னும் புரோடீனியா புழுவுக்குக் கொட்டமுத்து அருமையான பொறி. வரப்பில் 8–10 அடிக்கு ஒன்று போதும். இலையடியில் பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியலைத் தேடுங்கள். பொரித்த குஞ்சுப் புழுக்கள் கும்பலாகப் பச்சையைச் சுரண்டுவதால் இலை சல்லடையாகத் தெரியும். அந்த ஒரு இலையைக் கிள்ளினால் நூற்றுக்கணக்கான புழு ஒரே கையில் போச்சு. கொட்டை விஷம், குழந்தைகளோ ஆடுமாடோ நடமாடும் இடத்தில் காய் முற்றுமுன் குலையை வெட்டிவிடுங்கள்.

வெள்ளை ஈ உள்ளே வராமல் தடுக்கும் வேலியாக ஓரத்தில் இரண்டு மூன்று சால் (வரிசை) சோளம், தக்காளி நடுவதற்கு மூன்று வாரம் முன்பே விதைக்க வேண்டும். ஆடி மாத மேகாத்தையும் (மேற்குக் காற்று) அது தாங்கும். 2018-இல் மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளத்தை விடத் தீவனச் சோளமே தேவலை, தட்டு மாட்டுக்கும் ஆகும்.

கத்தரித் தண்டுத் துளைப்பானுக்கு மட்டும் எந்தத் துணைச்செடியையும் நம்பி இருக்க வேண்டாம். வாடித் தொங்கும் குருத்தை, துளைக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு நறுக்கி எரிப்பதும், ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசத்தால் ஆண் பூச்சியை இழுத்துப் பிடிப்பது) வைப்பதும்தான் வழி.