முப்பது தாண்டிப் பொறியியலுக்கு மாறுவது: ஒன்ராறியோவில் கொலிஜா, பல்கலைக்கழகமா?

கனடாவின் ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் இருக்கிற நம்மவர்களிடம் கொலிஜ், அதாவது டிப்ளோமாப் படிப்புக்கான தொழிற்கல்லூரி, என்று சொன்னாலே முகம் கொஞ்சம் சுருங்கும். மார்க்ஸ் காணாத பிள்ளைகள் போகிற இடம் என்று ஒரு நினைப்பு. 18 வயதுப் பிள்ளைக்கு அது சரியோ பிழையோ, 32 வயதில் வீட்டுக் கடனும் இரண்டு பிள்ளைகளும் இருக்க, களஞ்சிய வேலையை விட்டுவிட்டுப் பொறியியல் துறைக்குள் போகலாமா என்று யோசிக்கிற ஒருவருக்கு இந்த நினைப்பு பெரிய கெடுதல் செய்கிறது. எது பெரிய படிப்பு என்று அவர் பார்க்கத் தொடங்கினால் தன் வாழ்க்கைக்குப் பொருந்தாத ஒன்றில்தான் போய் நிற்பார். நான் போக நினைக்கிற வேலையில் வரைபடத்துக்கு முத்திரை குத்திக் கையெழுத்து வைக்க வேண்டியவர் நானா, அல்லது அந்த வரைபடத்தைத் தயாரித்து, சோதித்து, களத்தில் ஓட வைக்கிறவரா? இதை முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒன்ராறியோவில் 'எஞ்சினியர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பி.இ.ஓ. எனப்படும் பொறியியலாளர் சபையின் உரிமம், அதாவது பி.எங்., இருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம், முத்திரை குத்தலாம். அதற்குப் பொறியியல் இளங்கலைப் பட்டம், 48 மாத வேலை அனுபவம், சட்டமும் நெறிமுறையும் பற்றிய ஒரு பரீட்சை, இவ்வளவும் வேண்டும். பட்டம் கனடாவின் பொறியியல் தரச்சான்று வாரியம் அங்கீகரித்ததாக இருந்தால் தொழில்நுட்பப் பரீட்சைகள் எழுதத் தேவையில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகம், ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகமான டிஎம்யூ (2022 வரை ரயர்சன்), யோர்க், மக்மாஸ்டர், வாட்டர்லூ, ஒஷாவாவில் இருக்கிற ஒன்ராறியோ டெக், எல்லாவற்றிலும் அங்கீகாரம் பெற்ற படிப்புகள் இருக்கின்றன.

கொலிஜ் பக்கம் இரண்டு வருட டிப்ளோமா முடித்தால் டெக்னீஷியன், மூன்று வருட அட்வான்ஸ்ட் டிப்ளோமா முடித்தால் டெக்னாலஜிஸ்ட். இவர்களுக்கு ஓஏசெட் என்று தனிச் சங்கம். மூன்று வருடப் படிப்பும் குறைந்தது இரண்டு வருட அனுபவமும் நெறிமுறைப் பரீட்சையும் முடித்தவருக்கு சி.இ.டி., அதாவது சான்று பெற்ற பொறியியல் டெக்னாலஜிஸ்ட் என்ற பட்டயம் கிடைக்கும். மாநகர சபைகள், மின்விநியோக நிறுவனங்கள், கட்டுமான மேற்பார்வை, தொழிற்சாலை ஆட்டோமேஷன், இங்கெல்லாம் 'பி.எங். அல்லது சி.இ.டி.' என்று கேட்டு வருகிற விளம்பரங்கள் நிறைய. வேலை தேடும் தளத்தில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, உங்களுக்குப் பிடித்த 20 விளம்பரங்களை எடுத்து, எத்தனையில் பி.எங். கட்டாயம் என்று எண்ணிப் பாருங்கள். கட்டட அமைப்பு வடிவமைப்பு, ஆலோசனை நிறுவனங்கள் என்றால் அநேகமாகக் கட்டாயமாக இருக்கும். பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்குகிற சிறு கணினி) நிரல் எழுதுவது, இயந்திரம் நிறுவிச் சோதிப்பது, வீதிப் பணி மேற்பார்வை என்றால் அப்படி இருக்காது. மென்பொருள்தான் இலக்கு என்றால் இந்த முத்திரைக் கதை உங்களுக்குத் தேவையே இல்லை, அது வேறு கணக்கு.

சரி, காலத்தைப் பார்ப்போம். பல்கலைக்கழகப் பொறியியல் முழுநேரப் பகல் படிப்பு. விரிவுரை, பயிற்சி வகுப்பு, ஆய்வுகூடம் எல்லாம் சேர்த்தால் வாரம் 25 மணித்தியாலத்துக்கு மேல் போகும், வீட்டில் செய்கிற கணக்கு அதற்கு மேலே. வேலை செய்துகொண்டே படிப்பேன் என்று ஆரம்பிக்கிறவர்கள் முதலாம் வருடக் கல்குலஸிலேயே களைத்துப் போகிறார்கள், அதில் அவர்கள் குறை எதுவும் இல்லை, அந்தப் படிப்பு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இதற்கு முன் நுழைவுத் தகுதி வேறு: 12ஆம் வகுப்பில் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கல்குலஸ் அண்ட் வெக்டர்ஸ், பௌதிகம், இரசாயனம், ஆங்கிலம். வயது வந்த மாணவர் என்ற சலுகையில் விண்ணப்பித்தாலும் பொறியியல் பீடங்கள் இந்தப் பாடங்களை விடுவதில்லை. ஒன்ராறியோவின் தொலைக்கல்வி உயர்பள்ளியான டிவிஓ ஐஎல்சி வழியாக வீட்டிலிருந்தே குறைந்த செலவில் எடுக்கலாம், ஆனால் வேலைக்கும் போய்க்கொண்டு எடுத்தால் ஒரு வருடம் ஓடிவிடும். இலங்கையில் உயர்தரம் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தவர்கள் அந்தச் சான்றிதழைத் தேடி எடுங்கள், இங்குள்ள பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கின்றன, அந்த ஒரு வருடம் மிச்சம்.

ஆக 32இல் தொடங்கினால் 33இல் நுழைவு, 37இல் பட்டம், 41இல் பி.எங். கொலிஜில் 35இல் டிப்ளோமா, 37இல் சி.இ.டி. பட்டதாரி முதல் சம்பளம் வாங்குகிற வருடத்தில் கொலிஜ்காரர் இரண்டு வருடம் சம்பளம் எடுத்து முடித்திருப்பார். நீண்ட காலத்தில் பி.எங். உள்ளவரின் சம்பள உச்சி உயர்ந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. 25 வயதுக்காரரிடம், குடும்பச் சுமை இல்லாவிட்டால், கணிதம் பிடித்தால், பல்கலைக்கழகத்துக்கே போ என்று தயங்காமல் சொல்வேன்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்ராறியோவில் வசிப்பவருக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொறியியலில் படிப்புக் கட்டணமே வருடம் 14,000 டொலருக்குக் கிட்ட. மற்ற இடங்களில் கொஞ்சம் குறையும். கொலிஜில் மற்றக் கட்டணங்களையும் சேர்த்துப் பெரும்பாலும் 3,000 முதல் 4,500 வரை. மாகாண அரசின் மாணவர் நிதியுதவியான ஓசாப் இரண்டுக்கும் உண்டு. வேலை பறிபோனவர்கள், மறுபயிற்சிச் செலவுக்கு உதவுகிற பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ திட்டத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று வேலைவாய்ப்பு மையத்தில் விசாரிக்க வேண்டும்.

இனித்தான் பலர் ஏமாறுகிற இடம். 'முதலில் கொலிஜ், பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம்' என்று எல்லோரும் சொல்வார்கள். மாறலாம், உண்மைதான். ஆனால் எங்கே போய்ச் சேர்கிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மக்மாஸ்டரில் மூன்று வருட டிப்ளோமாக்காரருக்கென்றே பகுதிநேர பி.டெக். நிறைவுப் படிப்பு இருக்கிறது, மாலையிலும் வார இறுதியிலும் படிக்கலாம், வேலையில் இருப்பவருக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த பி.டெக். தரச்சான்று வாரியம் அங்கீகரித்த பொறியியல் பட்டம் அல்ல, அதை முடித்துவிட்டுப் பி.எங். தானாக வரும் என்று இருக்க முடியாது. லேக்ஹெட் பல்கலைக்கழகம் டெக்னாலஜி டிப்ளோமாக்காரரை ஒரு கோடைகால இணைப்புப் படிப்புக்குப் பிறகு மூன்றாம் வருடத்திலேயே சேர்த்துக்கொள்கிறது, கிடைப்பது அங்கீகரித்த பட்டம். பாதை நேர்த்தியானது, ஆனால் தண்டர் பே ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். இரண்டு வருடம் குடும்பத்தோடு அங்கே இருக்க முடியுமா என்பதை டிப்ளோமாவில் சேர்வதற்கு முன்பே மனைவியோடோ கணவனோடோ பேசி முடிக்க வேண்டும். அப்புறம், கொலிஜ் என்றால் பட்டமே தராது என்பதும் தவறு: கிச்சனர் பக்கம் இருக்கிற கொனெஸ்டோகா கொலிஜில் மெக்கானிக்கல் சிஸ்டம்ஸ், எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் ஆகிய பொறியியல் பட்டங்களுக்கு அந்த வாரியத்தின் அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

இரவு ஷிஃப்ட் செய்கிறவர்கள் கொலிஜ் பக்கமே சாயலாம் என்பது என் கருத்து. ஜோர்ஜ் பிரவுன் கொலிஜ் எலெக்ட்ரோமெக்கானிக்கல், பிஎல்சி படிப்புகளைத் தொலைநிலையில் நடத்துகிறது, அவரவர் வேகத்தில் முடிக்கலாம். முதலில் பிஎல்சி சான்றிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது சில மாதத்திலேயே தெரிந்துவிடும். நேரில் போய்ப் படிக்கலாம் என்றால் சென்டெனியலின் ப்ரோக்ரஸ் கம்பஸ் ஸ்காபரோவிலேயே இருக்கிறது. ஆனால் ஒன்று, 2024இல் சர்வதேச மாணவர் எண்ணிக்கைக்கு மத்திய அரசு வரம்பு போட்ட பிறகு ஒன்ராறியோ கொலிஜ்கள் பல படிப்புகளை நிறுத்தி வைத்தன. போன வருடம் நண்பர் படித்தார் என்று நம்பிப் போகாமல், இந்த வருடம் சேர்க்கை நடக்கிறதா, கோ-ஒப் வேலைப் பயிற்சி இருக்கிறதா என்று அந்தத் துறைக்கே எழுதிக் கேளுங்கள். கோ-ஒப் இல்லாத படிப்பை, இருக்கிற படிப்புக் கிடைக்கும்போது, எடுக்காதீர்கள். நடுவயதில் துறை மாறுகிறவருக்கு முதல் கனடிய அனுபவம் அங்கேதான் கிடைக்கிறது.

ஏற்கெனவே மொரட்டுவையிலோ பேராதனையிலோ அண்ணா பல்கலைக்கழகத்திலோ பொறியியல் முடித்துவிட்டு இங்கே தொழிற்சாலையில் நிற்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் திரும்ப முதலாம் வருடத்திலிருந்து தொடங்காதீர்கள், தயவுசெய்து. உங்களிடம் இருப்பதைப் பி.இ.ஓ.வுக்கு அனுப்புங்கள். அவர்கள் பட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொழில்நுட்பப் பரீட்சைகள் எழுதச் சொல்லலாம், அது கடினம்தான், ஆனால் அதைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு ஒரு வருடமாவது கனடாவுக்குள் வேலை செய்திருக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது, 2023 மே மாதத்தில் பி.இ.ஓ. அதை எடுத்துவிட்டது. ஊரில் பார்த்த வேலையை யார் மேற்பார்வை செய்தார், என்ன வடிவமைத்தீர்கள், எந்தக் கணிப்பை நீங்களே செய்தீர்கள் என்று இன்றைக்கே எழுதி வைக்கத் தொடங்குங்கள், ஏனென்றால் அனுபவத்தை அவர்கள் ஒவ்வொரு திறனாகப் பிரித்துக் கேட்பார்கள், பழைய மேலாளர்களின் தொடர்பு அறுந்து போனால் அதை நிரூபிப்பது மிகவும் சிரமம்.