கடலோர வீட்டில் மறுபயன்பாட்டு அலங்காரப் பொருட்கள்: சில ஆண்டு அனுபவம்

கடலை ஒட்டிய வீட்டில், வேண்டாத பொருளைக் கொண்டு நாமே செய்யும் ஒரு அலங்காரப் பெட்டி எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அதன் மேல் பூசிய வண்ணமும் ஒட்டிய மணிகளும் தீர்மானிப்பதில்லை. அடியில் இருக்கும் பொருள்தான் தீர்மானிக்கிறது. சென்னை ராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகும் தொலைவில், ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளாததால், எண்ணெய் டின், கண்ணாடிப் பாட்டில், பழைய சேலை, ஒதுங்கிப்போன பாத்திரம் என்று கையில் கிடைத்தவற்றையே சாமான் வைக்கும் அடுக்குகளாக மாற்றிச் சில ஆண்டுகளாகப் புழங்கி வருகிறோம்.

முதலில் எண்ணெய் டின். காலியான 15 கிலோ டின், காயலான் கடையிலும் பலகாரக் கடையிலும் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. சுமார் 35 செ.மீ. உயரம் இருப்பதால், மேல்தகட்டை வெட்டி எடுத்துவிட்டால் குடைகளும் பிள்ளைகளின் சார்ட் தாள்களும் நிமிர்ந்து நிற்கும். பிசுக்குப் போகாத டின்னில் பெயிண்ட் பிடிக்காது என்பதால், சலவை சோடா கலந்த வெந்நீரை ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் சீயக்காய் போட்டுத் தேய்க்க வேண்டும். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகே தொடங்குகிறது. இந்த டின், மெல்லிய வெள்ளீயப் பூச்சு கொண்ட இரும்புத் தகடுதான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளியில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். வெள்ளீயத்துக்கு அந்தக் குணம் இல்லை, கீறிய இடத்திலும் வெட்டிய விளிம்பிலும் இரும்பு விரைவாகத் துருவேறுகிறது. உப்புக்காற்று அதை இன்னும் முடுக்கிவிடுகிறது. பால்கனியில் வைத்த டின்னில் வாய்விளிம்பிலிருந்து பெயிண்ட் கொப்புளித்துக்கொண்டே கீழிறங்கியது. நகத்தால் தட்டினால் செதிலாக உதிர்ந்து, உள்ளே பழுப்புத் தூளாக இருந்தது. விளிம்பை உள்பக்கமாக மடித்துத் தட்டி, உப்புத்தாளால் தேய்த்து, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு முறை அடித்து, அதன் மேல் எனாமல் பூசி அறைக்குள் வைத்த டின் இன்றும் நன்றாக இருக்கிறது. அடிப்பாகத்துக்கும் பிரைமர் அடிப்பது அவசியம், ஏனெனில் தரை துடைக்கும் ஈரம் தினமும் படுவது அங்கேதான். நான்கு மூலையிலும் உடைந்த டைல்ஸ் துண்டுகளை முட்டுக் கொடுத்தால் அந்த ஈரமும் தங்காது.

டின்னைச் சுற்றிச் சணல் கயிறு ஒட்டுவது பார்க்க அழகு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கயிறு ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடித்து, துணி பீரோ வரை வாடை பரப்பியதால் அதை அவிழ்த்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் மிக நீண்ட நாள் உழைத்தவை எவர்சில்வர் பொருட்களே. பழைய இட்லித் தட்டுகளை நடுத்தண்டோடு அப்படியே அலமாரித் தட்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒரு குழியில் ஹேர்பின், ஒன்றில் ஊக்கு, ஒன்றில் பொட்டு அட்டை என்று பிரித்துப் போடலாம், தட்டில் உள்ள சிறு துளைகளில் தொங்கட்டான்களை மாட்டலாம். ஈரத்துணியால் துடைப்பதைத் தவிர அதற்கு வேறு பராமரிப்பே தேவைப்படவில்லை. அஞ்சறைப்பெட்டி ஒன்று தையல் பெட்டியாகியிருக்கிறது. சீரக வாசனை போய்விட்டது. பெருங்காய வாசனை மட்டும் நூல்கண்டை விட்டு இன்னும் நகரவில்லை.

கண்ணாடிப் பாட்டில்களுக்கும் உப்புக்காற்றால் ஒன்றும் ஆகாது, ஆனால் அவற்றின் தகர மூடி உள்மரையில் துருப்பிடித்துத் திறக்க வராமல் போய்விடும். ஆகவே மூடிக்குப் பதில் துணியைக் கட்டி வைக்கிறோம். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இவற்றைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கக் கூடாது.

சேலைகளைப் பொறுத்தவரை என் கணிப்பு பலருக்கு உவப்பாக இருக்காது. பருத்திச் சேலையைக் கிழித்துப் பின்னிய கூடை, சில மாதங்களில் நமுத்துத் தொய்ந்துவிடுகிறது. யாரும் மதிக்காத பாலியஸ்டர் சேலைதான் உருக்குலையாமல் நிற்கிறது, துவைத்தால் சீக்கிரம் காயவும் செய்கிறது. இரண்டு விரற்கடை அகலத்தில் கிழித்து, ஜடை போல மூன்று புரியாகப் பின்னி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே தைக்க வேண்டும். தைப்பதற்குக் காசிமேட்டு வலைக்கடைகளில் கிடைக்கும் நைலான் நூலுக்கு இணை இல்லை. வலைத்துண்டும் அங்கேயே கேட்டு வாங்கலாம். சமையலறை ஜன்னல் கம்பியில் தொட்டிலாகக் கட்டினால் வெங்காயமும் பூண்டும் காற்றோட்டமாக இருக்கும். கடலில் போட்ட வலையாக இருந்தால் எத்தனை முறை சோப்பு நீரில் அலசினாலும் மழைநாளில் லேசாக மீன் வாடை எழும், எங்கள் தெருவில் அதை யாரும் வாடையாகக் கருதுவதில்லை. நேர்வெயில் நைலானை நைந்துபோகச் செய்யும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அட்டைப் பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத்தில் ஊதிவிடும், மைதாப் பசைக்குக் கரப்பான்பூச்சி தேடி வரும்; பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சி அண்டாது என்பது உண்மைதான், ஆனால் அது நஞ்சு.

ஒரு பொருள் இனி உதவாது என்றானபோதுதான் அலங்காரத்தின் மறுபக்கம் தெரிந்தது. போகிக்கு முன் வீட்டை ஒழித்துத் துருவேறிய டின்னைக் காயலான் கடைக்கு எடுத்துச் சென்றபோது, வெறும் தகரமாக இருந்தால் எடைக்கு எடுத்துக்கொள்வதாகவும், கண்ணாடிச் சில்லும் மணியும் பசையோடு ஒட்டியிருப்பதைப் பிரித்தெடுத்துக் கொண்டு வரும்படியும் கடைக்காரர் சொல்லிவிட்டார். அதிலிருந்து நான் எதையும் ஒட்டுவதில்லை. டின் அளவுக்குச் சேலைத் துணியில் உறை தைத்து, மேலே நாடா கோத்து இறுக்கிவிடுகிறேன். அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம், டின் போனால் உறையை அடுத்த டின்னுக்கு மாட்டலாம்.